பால்சாவில் குற்றமில்லை

ஐயா, நீங்கள் வாசித்துக் காட்டிய அறிக்கையில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. இளைப்பாறிய தலைமையாசிரியர் ஒருவர் மரண விசாரணை அதிகாரியாக வருவது ஊருக்குக் கொடுப்பினைதான். ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகுந்திருக்கிறது, மிகக்கூடாத இடத்தில் மிகவில்லை. என் மனைவி கனகாம்பிகை இவ்வளவு நல்ல தமிழில் செத்திருக்கிறாள் என்று கேட்டபோது எனக்கே சற்றுப் பெருமையாக இருந்தது.

ஆனால் பொருட்பிழை இரண்டு இருக்கிறது. ஒன்று எனக்குச் சாதகமானது. அதைப் பற்றி நான் வாய் திறக்காமல் இருந்தால், இன்றைக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்து தலை தோய்ந்து சாப்பிட்டுப் படுக்கலாம். மற்றது ஒரு வாயில்லாப் பொருளின் மேல் சுமத்திய வீண்பழி. அதைக் கேட்டுக்கொண்டு கையொப்பம் வைக்க என்னால் முடியாது.

"கணவர் சிறிய விமானம் ஒன்று செய்வதற்காக அறையில் தேய்த்த பலகையின் தூசு மூச்சுக்குழலை அடைத்ததால்" என்று எழுதியிருக்கிறீர்கள். பலகை என்கிறீர்கள், ஏதோ கதவுக்குப் போட்டது போக மிஞ்சிய பலாப்பலகை மாதிரி. அது பால்சா. பந்தலில் ஆட்கள் நேரம் பார்க்கிறார்கள், இராகுகாலத்துக்கு முன் எடுக்கவேண்டும் என்று குருக்கள் அவசரப்படுகிறார், எல்லாம் எனக்கும் தெரியும். அயல் வீட்டிலிருந்து இன்னொரு தேத்தண்ணி வரும். குடித்துக்கொண்டு கேளுங்கள்.

பால்சா தென் அமெரிக்காவில் வளர்கிற மரம். நம்மூர் முருங்கை போல அவசரமாக வளரும். நகம் பட்டால் பதியும், ஊதினால் மேசையில் இருந்து நகரும். ஆனாலும் தாவர நூலார் அதைக் கடினமர வகையில்தான் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இதை எங்கள் விமானச் சங்கத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். படித்தவர்கள் சிரித்தால் அவர்களுக்கு அது தெரியாது என்று அர்த்தம்.

அதில் தெரிந்தெடுப்பதுதான் வேலை. மிச்சமெல்லாம் வெட்டுவதும் ஒட்டுவதும். அதை யாரும் செய்யலாம். ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே தடிப்பில் அறுத்த இரண்டு பலகையில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு பாரமாக இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொன்றையும் நிறுக்கவேண்டும். அதற்கென்றே ஒரு தட்டார் தராசு வாங்கி வைத்திருக்கிறேன். கனகம் தன் தாலிக்கொடியை அதில் ஒருமுறை நிறுத்துப் பார்க்கக் கேட்டாள். தட்டில் எண்ணெய் படும் என்று நான் விடவில்லை.

பாரத்துக்கு அடுத்தது அறுத்த பக்கம். மரத்தை ஒரு பக்கத்தால் அறுத்தால் நார் நீளமாக ஓடும், பலகை குறுக்கே வளையும். விமானத்தின் உருண்டை உடம்புக்கு அது. இன்னொரு பக்கத்தால் அறுத்தால் மீன் செதிள் போலப் புள்ளி தெரியும், பலகை வளையாமல் விறைத்து நிற்கும். செட்டையின், அதாவது இறக்கையின், விலாக்களுக்கு அது. வளையாததை வளைத்தால் பிளக்கும். வளைகிறதை விலாவாக வைத்தால் செட்டை தொய்ந்துபோகும். பிறகு நிறம். சீரான வெள்ளை நல்லது. மண்ணிறக் கோடு ஓடியிருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கவேண்டும், அந்த இடத்தில் முறியும். இடச் செட்டைக்கும் வலச் செட்டைக்கும் போடும் நெடுஞ்சட்டங்கள் இரண்டும் ஒரே அளவு வளைகிறதா என்று ஒரு நுனியில் ஆணியைத் தொங்கவிட்டுப் பார்க்கவேண்டும். வண்டிச் சவாரிக்கு மாட்டுச் சோடி தேடுகிறவர்கள் அலைகிற அலைச்சல் உங்களுக்குத் தெரியும். அதைப் போலத்தான்.

எனக்கு வந்த சோடியைப் பற்றியும் சொல்லவேண்டும்.

நான் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவன். புத்தூரில் வெங்காயம் வைத்த குடும்பம். கையில் மண் படாத உத்தியோகம் என்றபடியால் கொழும்புத்துறையில் இந்தச் சீதன வீட்டோடு கனகாம்பிகையைப் பேசி வந்தார்கள். சாதகம் பொருந்தியது, காணி உறுதி சரியாக இருந்தது. பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு, மூச்சு இழுக்கிற வருத்தம், என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவிட்டார்கள். கலியாணத்துக்குப் பிறகு வந்த முதல் மாரியில், இரவிரவாக அவள் கட்டிலில் எழுந்திருந்து நாய் இளைப்பது போல இளைத்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது. நான் கோபப்படவில்லை. நான் கோபப்படுகிற ஆள் இல்லை என்பதை இந்த ஊரில் யாரையும் கேட்டுப் பார்க்கலாம். மண்ணிறக் கோட்டை மறைத்து விற்றுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

வீட்டில் ஓடு போட்டு, சீமெந்து பூசிய அறை ஒன்றே ஒன்று. மற்றவை கிடுகு வேய்ந்தவை, மாரியில் ஒழுகும். அந்த அறையில் கடலைப் பார்த்தபடி ஒரு பென்னாம்பெரிய யன்னல். அவ்வளவு சின்ன அறைக்கு அவ்வளவு பெரிய யன்னலை எந்த மடையன் வைத்தான் என்று நான் கேட்டபோது, ஐயாதான் வைத்தார் என்றாள் கனகம். மகளுக்கு மூச்சுமுட்டு வந்தால் காற்று வேண்டும் என்று அவளுடைய தகப்பனார் வைத்ததாம். எனக்கு அந்த அறை பால்சாவுக்கு வேண்டியிருந்தது. பால்சா ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் பாரம் கூடும், முறுகும். காய்ந்த அறை அது ஒன்றுதான். ஆகவே மேசையையும் பலகைகளையும் அங்கே கொண்டுபோனேன். அவள் கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டேன். அறையை விட்டு அவளை நான் கலைக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

இந்த அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியபிறகு எங்கள் புத்தூர்க்காரர் மிளகாயிலும் வெங்காயத்திலும் மாடிவீடு கட்டினார்கள். பால்சாக்காரரின் பாடு திண்டாட்டம். மாதிரி விமானம் செய்து பறக்கவிடுகிறவர்களின் சங்கம் எங்களுடையது, அங்கத்தவர் ஒன்பது பேர். அதில் எட்டுப் பேருக்குப் பதவி உண்டு. தலைவர், உபதலைவர், செயலாளர், அவருக்கு ஒரு உதவி, போஷகர் ஒருவர், இப்படிப் போகும். பதவி இல்லாத ஒன்பதாவது ஆள் நான். எல்லோரும் கூடி ஆலோசித்து, முள்முருக்கு மரத்தைச் சீவிப் பாவிக்கலாம் என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். தலைவர் மரியரட்ணம் முருக்கில் ஒரு விமானம் செய்து முற்றவெளி மைதானத்தில் விட்டார். அது போன தூரத்துக்கு ஒரு கல்லை எறிந்திருக்கலாம். காற்றுச் சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

அப்போதுதான் கனகத்தின் தம்பி தியாகலிங்கம் லண்டனிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாக இருந்தான். அக்காவுக்கு என்ன கொண்டுவர என்று கேட்டிருந்தான். முட்டு வருகிறபோது வாயில் வைத்து அமத்தினால் நெஞ்சு திறக்கிற ஒரு சின்னப் பம்பு அங்கே இருக்கிறதாம், அதைக் கேட்கச் சொன்னாள் கனகம். இங்கே ஆஸ்பத்திரியில் தந்த குளிசைகள் அவளுக்குக் கை நடுக்கத்தைத்தான் கொடுத்தன. நான் யோசித்துப் பார்த்தேன். மனிதனிடம் இரண்டு சாமான் கேட்டால் மருந்தைக் கொண்டுவருவான், பலகையை விளையாட்டுச் சாமான் என்று விட்டுவிடுவான். ஒன்றைக் கேட்டால் அது கட்டாயம் வரும். ஆகவே பால்சாவைக் கேட்டேன். பாரத்தையும் அறுத்த பக்கத்தையும் விவரமாகச் சொல்லி அனுப்பினேன்.

நல்ல பெடியன், சொன்னபடி கொண்டுவந்தான். பெட்டியைத் திறந்தபோது அந்த வாசம் அறை முழுக்க வந்தது. கனகம் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, பம்பு எங்கே என்று கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். அது இருதயத்தைப் பழுதாக்கும் என்று இங்கே டொக்டர் சொன்னதாக நான் சொன்னேன். இரண்டு பேரும் நம்பினார்கள். டொக்டர் சொன்னார் என்றால் யாழ்ப்பாணத்தார் எதையும் நம்புவார்கள். பிள்ளையை டொக்டராக்க விரும்புகிற சனம், டொக்டரைச் சந்தேகிக்குமா?

இனி உங்கள் தூசுக்கு வருகிறேன்.

விமானம் முழுவதையும் நான் புரட்டாதி, ஐப்பசியிலேயே வெட்டித் தேய்த்து முடித்துவிட்டேன். தேய்த்ததும் அறைக்குள் அல்ல, முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே. கனகத்துக்காக அல்ல, தூசு ஒட்டினால் மெல்லிய கடதாசி சரியாகப் பிடிக்காது. வெட்டுவதற்கு ஓர் அச்சு வேண்டியிருந்தது. தடித்த பிளாஸ்டிக் தாள் எங்கும் இல்லை. அவளுடைய நெஞ்சை எடுத்த எக்ஸ்-ரே படம் ஒன்று அலுமாரியில் சும்மா கிடந்தது. அதில் ஒரு விலாவின் வடிவத்தை வெட்டி எடுத்து, அதைப் பலகையில் வைத்து எல்லா விலாக்களையும் ஒரே அளவில் வெட்டினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்தமுறை கிளினிக்கில் படத்தைக் கேட்டால் என்ன சொல்லுறது என்று கேட்டாள். துலைந்துபோச்சு என்று சொல்லும் என்றேன். அவள் மறுத்துப் பேசுகிறவள் அல்ல. பேசுவதற்கு மூச்சும் வேண்டுமே.

கார்த்திகையில் எலும்புக்கூடு முடிந்து, கடதாசி ஒட்டும் வேலை. மார்கழியில் அதன்மேல் வார்னிஷ் பூசவேண்டும். தைப்பொங்கல் கழித்து முற்றவெளியில் போட்டி. றப்பரை முறுக்கி விட்டால் எவருடைய விமானம் கூடிய நேரம் வானத்தில் நிற்கிறதோ அவருக்குக் கிண்ணம். மரியரட்ணம் முருக்கில் இன்னொன்று செய்துகொண்டிருந்தார். என்னுடையது அவருடையதின் அரைவாசிப் பாரம்கூட வராது. எட்டுப் பதவிக்காரரும் தலையை அண்ணாந்து கழுத்து நோகப் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறார்கள். எனக்கு வேறு ஆசை ஒன்றும் இருந்ததில்லை.

வார்னிஷுக்கு ஒரு குணம் இருக்கிறது. காருக்குப் பெயின்ற் அடிக்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள். ஈரக்காற்றுப் பட்டால் காய்கிறபோது பால் ஊற்றினது போல வெளுத்துவிடும். வெளுத்தால் பாரம், பலவீனம், அசிங்கம். நம்முடைய மாரியில், அதுவும் கடலோரத்தில், வாடைக் காற்றில் ஈரமில்லாத இடம் ஏது? ஆகவே யன்னலைச் சாத்தவேண்டும். இடுக்குகளில் மாப்பசையால் கடதாசி ஒட்டினேன். கொண்டியை நம்ப முடியாது. முட்டு வந்தால் கனகம் நித்திரையிலிருந்தே எழும்பிப் போய்த் திறந்துவிடுவாள். ஆகவே யன்னல் கதவுகளைச் சட்டத்தோடு சேர்த்துப் பித்தளைத் திருகாணிகளால் பூட்டினேன். இரும்பு துருப்பிடிக்கும்.

நீங்கள் அறிக்கையில் "கணவர் வாடைக்காற்றுப் படாமல் யன்னலைச் சாத்தி, நோயாளியை மிகுந்த அக்கறையோடு பராமரித்து வந்துள்ளார்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதுதான் எனக்குச் சாதகமான பிழை. உங்களைக் குறை சொல்ல முடியாது. தொய்வுக்காரருக்குக் காற்றுப் படக்கூடாது, ஊதல் பட்டால் நெஞ்சில் சளி கட்டும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். நேற்று முழுக்கச் செத்தவீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் அந்த யன்னலைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார்கள். இடுக்கிலும் கடதாசி ஒட்டியிருக்கிறாரே, இப்படி ஒரு புருசன் யாருக்குக் கிடைக்கும் என்று ஒரு கிழவி ஒப்பாரியிலேயே சேர்த்துப் பாடினாள். திருகாணியை ஒருவரும் கவனிக்கவில்லை. அழுகிறவர்கள் கிட்டப் போய்ப் பார்ப்பதில்லை.

கனகத்துக்குக் காற்று வேண்டும் என்பது தெரிந்த ஆட்கள் இரண்டே பேர். ஒருவர் அந்த யன்னலை வைத்த அவளுடைய தகப்பனார், அவர் செத்துப்போனார். மற்றது நான்.

முந்தநாள் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு, பின்னேரம் செட்டைக்கு வார்னிஷ் பூசினேன். காலையிலிருந்து அவளுக்கு இளைப்பு. அந்த வார்னிஷ் மணமும் அவளுக்கு ஒத்துவராது. விறாந்தையில் போய் இரும் என்றேன். போனாள். தூவானம் அடித்தது, நனைந்துகொண்டு திரும்பி வந்து கட்டிலில் குந்தினாள். முழங்கால் இரண்டிலும் கையை ஊன்றியிருந்தாள், தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக இளைக்கிறபோது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் கேட்கும். அன்றைக்கு அந்தச் சத்தம் குறைந்துகொண்டு வந்தது. சத்தம் குறைந்தால் சுகம் என்று நினைப்பீர்கள். பத்து மாரி அவளோடு இருந்தவன் நான். சத்தம் குறைந்தால் காற்றுப் போகவில்லை என்று அர்த்தம்.

"இஞ்சருங்கோ," என்றாள். "யன்னலை ஒருக்காத் திறந்து விடுங்கோவன்."

"கொஞ்சம் பொறும். செட்டை காயட்டும்."

"மூச்சு விட ஏலாது, உண்மையா ஏலாது. கதவையெண்டாலும் திறவுங்கோ."

இதுதான் அவள் என்னோடு கடைசியாக முழு வசனமாகக் கதைத்தது. நான் நின்று யோசித்தேன். அவசரத்தில் முடிவு எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அறைக்குள் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்றுக்குக் காற்று வேண்டும், மற்றதற்குக் காற்று ஆகாது. கனகத்துக்கு முட்டு வருவதும் போவதும் வழக்கம், எத்தனையோ தரம் தப்பியிருக்கிறாள். செட்டை ஒருதரம் வெளுத்தால் வெளுத்ததுதான். அதற்குப் போட்ட பால்சாவைப் போல இன்னொரு சோடியை இந்த நாட்டில் எங்கே போய்த் தேடுவது? இதை நியாயமாக யோசிக்கிற எவரும் நான் எடுத்த முடிவைத்தான் எடுப்பார்கள்.

சங்கத்தில் அன்றைக்குக் கூட்டம் இருந்தது. வெளியே வந்து கதவைச் சாத்தி, வெளிக்கொண்டியைப் போட்டேன். வேலியில் ஆள் நுழைகிற பொட்டடியில் அவளுடைய தங்கச்சி மகாதேவி சட்டி கழுவிக்கொண்டு நின்றாள். அடுத்த வளவுதான் அவளுடைய சீதனம். அக்காவுக்கு எப்படி என்று கேட்டாள், மல்லித்தண்ணி அவித்துக்கொண்டு வரட்டோ என்றாள்.

"அக்கா இப்பதான் கண்ணயர்ந்தவ," என்றேன். "எழுப்பாதை, மகாதேவி."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். நேற்று முழுக்க மேசைக்கடியில் கிடந்த பழைய சீவல்களை அள்ளி என் முகத்தில் எறிந்து, உந்தத் தூசுதான் என்ரை அக்காவைத் திண்டது என்று கத்தினாள். நீங்களும் அதைக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு எதையாவது குற்றம் சொல்லவேண்டியிருக்கிறது. தன் மேல் போட்டுக்கொள்ளாமல் தூசின் மேல் போடுகிறாள். ஆனால் தூசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பால்சா என்கிறாள். அங்கேதான் எனக்கு வலிக்கிறது.

கூட்டத்துக்கு நான் பிந்திப் போனேன். போட்டிக்கு வரும் பிரதம விருந்தாளிக்கு யார் மாலை போடுவது என்ற பிரச்சினை போய்க்கொண்டிருந்தது. போஷகர் தான் போடவேண்டும் என்கிறார், உபதலைவர் தன் மனைவி போடவேண்டும் என்கிறார். மரியரட்ணம் என்னைக் கண்டுவிட்டு, போட்டி கிட்டுகிற நேரத்தில் ஏன் பிந்தினீர், வேலை முடியவில்லையோ என்று சிரித்தபடி கேட்டார்.

"வீட்டிலை கொஞ்சம் தொய்வு," என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. என்னுடைய செட்டையில் கடதாசி தொய்ந்துவிட்டது என்று அந்த மனிதர் விளங்கிக்கொண்டார். மற்றவர்களும் மாலையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். மாரியில் அப்படித்தான் தொய்யும் என்றார் ஒருவர். கை வைக்க வேண்டாம் என்றார் இன்னொருவர்.

"ஒண்டும் செய்யாதையும்," என்றார் மரியரட்ணம். "காத்துப் படாமல் இறுக்கிச் சாத்தி, விட்டிட்டு வாரும். காயக் காயத் தானே இறுகியிடும்."

நான் திருத்தவில்லை. ஓம் என்றேன். அவர்கள் சொன்னது செட்டைக்கு என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு சங்கமே கூடி ஏகமனதாகச் சொல்கிற ஆலோசனையைக் கேட்கிறபோது மனதுக்கு ஓர் ஆறுதல் வரத்தான் செய்கிறது. இருந்து கூட்டத்தை முடித்து, வடையும் தேத்தண்ணியும் எடுத்தேன். மாலையை இரண்டாக வெட்டி இரண்டு பேரும் போடுவதாக முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து கொண்டியை எடுத்தேன். முதலில் செட்டையைத்தான் பார்த்தேன். ஏன் மறைக்கவேண்டும்? ஒரு பொட்டு வெளுப்பு இல்லை. கண்ணாடி போல இருந்தது. பிறகுதான் கனகம் கட்டிலில் இல்லை என்று கண்டேன். யன்னலடியில் இருந்தாள். கடதாசி ஒட்டிய இடுக்கில் வாயை வைத்துக்கொண்டு, சுவரோடு சாய்ந்து இருந்தாள். இடுக்கில் நகத்தால் கொஞ்சம் சுரண்டியிருந்தாள். நான் நல்ல பசை போட்டிருந்தேன். தூக்கிக் கட்டிலில் கிடத்தி, தலைமயிரை ஒதுக்கி, போர்வையால் மூடிவிட்டு, பிறகு மகாதேவியைக் கூப்பிட்டேன்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். அந்த மேசையும் சீவலும் முழுநாளும் திறந்த யன்னலோடு கிடந்திருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிராது. நான் உங்களிடம் கேட்பது சின்னத் திருத்தம். "பலகையின் தூசு" என்பதை வெட்டிவிடுங்கள். அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், நடந்ததை எழுதுங்கள். திருகாணி பூட்டியது நான். வெளிக்கொண்டி போட்டது நான். தங்கச்சியை வராமல் மறித்தது நான். இந்தமுறை அவள் தப்பமாட்டாள் என்பது அந்தச் சத்தம் குறைந்தபோதே எனக்குத் தெரியும். கொண்டியைப் போட்டபிறகு உள்ளே இருந்து அவள் கதவைத் தட்டினாள். கூப்பிட மூச்சில்லை, கையால்தான் தட்டினாள். மழைச் சத்தத்திலும் எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்டுக்கொண்டுதான் சைக்கிளை எடுத்தேன்.

பேனையைக் கீழே வைத்துவிட்டீர்கள். ஏன் ஐயா? இவ்வளவு நேரமும் பால்சாவைப் பற்றிச் சொன்னபோது ஒரு வரிகூட எழுதவில்லை, இதையாவது எழுதுங்கள். நான் கனகத்தின் மேல் ஒருநாளும் கை வைத்தவன் அல்ல, ஏசினவன் அல்ல. அவளும் என்னைக் கோபித்ததில்லை. அயலட்டையில் கேட்டால் எங்களைப் போல ஒற்றுமையான சோடி கொழும்புத்துறையில் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

வாசலில் நிற்கிற பொலிஸ்காரரை ஏன் உள்ளே கூப்பிடுகிறீர்கள்? நான் வருகிறேன், பிடித்து இழுக்கவேண்டியதில்லை. கொள்ளியை மகாதேவியின் புருசன் வைக்கட்டும். அறையை மட்டும் நீங்கள் பொறுப்பெடுக்கவேண்டும், ஐயா. சாட்சிக்குப் படம் எடுக்கிறோம், வெளிச்சம் வேண்டும் என்று எவனாவது அந்த யன்னலைத் திறந்துவிடுவான். திறக்க விடாதீர்கள். மாரி இன்னும் முடியவில்லை, செட்டை ஈரம் இழுக்கும்.